இன்று மாற்றுவதா, இன்னும் பொறுப்பதா?

"காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்பது நம் முன்னோர் வாக்கு. "பதறிய காரியம் சிதறும்" என்பதும் அவர்கள் வாக்கே. முன்னதைச் சொன்னவர் அறுவடைக் களத்தில் நின்றவர். பின்னதைச் சொன்னவர் அவசரத்தால் ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டவர். இரண்டும் மெய்யுரைகளே. ஆனால் ஒரு குடும்பத்தின் கையில் சிறிது பணம் சேர்ந்து, ஒரு பொருளை இன்று வாங்குவதா, நாளை வாங்குவதா என்ற கேள்வி எழும்போது, இவ்விரண்டு மொழிகளுள் எதைப் பின்பற்றுவது? வள்ளுவப் பெருந்தகை காலமறிதலுக்கென்றே தனி அதிகாரம் ஒன்று வகுத்தார் என்றால், இந்தக் கேள்வி இன்று நேற்று எழுந்ததன்று என்பது விளங்கும்.

கேள்வி பழையது, அது எழுந்த இடந்தான் புதியது. சிவனொளிபாதமலையின் அடிவாரத்திலுள்ள நல்லதண்ணியில், நம்மிடம் முன்னொருகால் படித்த இளைஞன் ஒருவன், வீட்டின் முன்னறையில் ஒரு கணனியையும் ஓர் அச்சு யந்திரத்தையும் வைத்துச் சிறு தொழில் நடத்திவருகின்றான். விண்ணப்பப் பத்திரங்கள் தட்டச்சிடுவது, அடையாள அட்டைக்குப் புகைப்படம் எடுப்பது, திருமண அழைப்பிதழ் அமைப்பது, பிரதி எடுப்பது ஆகியவை அவன் தொழில். டிசம்பர்ப் பூரணையில் தொடங்கி வைகாசிப் பூரணை வரை நீளும் யாத்திரைப் பருவத்தில் நல்லதண்ணி இரவும் பகலும் விழித்திருக்கும். அவனுடைய வருட வருமானத்தின் பெரும் பங்கு அந்த ஆறு மாதங்களிலேதான் வரும். அவனுடைய தங்கை உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாகக் கற்கின்றாள். அவளுக்கும் அதே கணனிதான் ஆதாரம்.

2025 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் நம்மைத் தேடி வந்தான். தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும் அவன் தாய்க்குச் சீட்டுப் பணம் ஒரு லட்சம் ரூபாய் கிடைத்திருந்தது. "சேர், கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாயிருச்சு. புரொசசர இப்பவே மாத்திரலாமா, இல்ல இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமா?" என்றான். உடன் வந்திருந்த தாய், "நமக்கு இதெல்லாம் ஒண்ணும் வெளங்கல சேர். நீங்க சொல்றபடி செய்றோம். கூரையும் ஒழுகுது, அதையும் பாக்கணும்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் நம்மைச் சற்றுத் திகைக்க வைத்தது. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 2021இல் ஆயிரம் ரூபாயாகவும், 2024இல் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டதை வாசகர்கள் அறிவார்கள். அத்தகைய கூலியிலிருந்து மிச்சம் பிடித்த ஒரு லட்சத்தை எங்கே இடுவது என்று சொல்லும் பொறுப்பு நம் தலையில் விழுந்துவிட்டது. விளையாட்டாகப் பதில் சொல்லிவிட முடியுமா?

நாம் செய்த பிழை

இவ்விஷயத்தில் நம் சொந்த அனுபவம் நமக்குப் பெருமை தருவதன்று. 2021ஆம் ஆண்டின் இறுதியில் நம் வீட்டுக் கணனி பழுதுபட்டது. புதிது வாங்கப் பணம் இருந்தது. ஆயினும், "இன்னும் சில மாதங்களில் புதிய வகைகள் வந்துவிடும், பழையவற்றின் விலை இறங்கும்" என்று கணக்குப் போட்டுக் காத்திருந்தோம். 2022 மார்ச்சில் ரூபாயின் மதிப்பு விழத் தொடங்கியது. ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாயை எட்டியது. நாம் எதிர்பார்த்த புதிய வகைகள் உலகச் சந்தைக்கு வந்தன. நம் கைக்கு எட்டவில்லை. ஆண்டு முழுவதும் நம் மகள் தன் பாடங்களைக் கைத்தொலைபேசியின் சிறு திரையிலே படித்தாள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். நாம் பொறுத்துக் கையிலிருந்ததையும் இழந்தோம்.

ஆகவே, அந்த இளைஞன் கேட்டவுடன், "இன்றே வாங்கிவிடு" என்று சொல்ல நம் நாக்குத் துடித்தது. ஆனால் நம் காயத்துக்கு அவன் குடும்பம் மருந்து வாங்குவது நியாயமாகுமா? சற்று நிதானித்தோம்.

மலையகத்தின் பழைய பாடம்

இன்று மாற்றுவதா, பொறுப்பதா என்ற கேள்விக்கு மலையக மண்ணே ஒரு சரித்திரப் பாடம் வைத்திருக்கின்றது. இம்மலைகளில் முதலில் விளைந்தது தேயிலையன்று, கோப்பி. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளில் ஒரு நோய் காணப்பட்டது. "இது ஒரு பருவத்து நோய்; போய்விடும்" என்று நம்பிப் பல துரைமார் காத்திருந்தனர். நோய் போகவில்லை, இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழிலே போயிற்று. காத்திருந்தவர் கெட்டனர்.

அப்படியானால் விரைந்து மாறியவர்கள் பிழைத்தார்களா? அதுவும் இல்லை. அநேகர் அவசரம் அவசரமாகச் சிங்கோனா மரத்தை நட்டனர். மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மருந்து அதன் பட்டையிலிருந்து எடுக்கப்படுவதால், அதற்கு அன்று நல்ல விலை இருந்தது. எல்லோரும் ஒரே காலத்தில் நட்டமையாலும், ஜாவாத் தீவிலிருந்து உயர்ந்த ரகப் பட்டை வந்து குவிந்தமையாலும் விலை சரிந்தது. அவசரப்பட்டவரும் கெட்டனர்.

ஜேம்ஸ் டெய்லர் என்பவரோ, 1867ஆம் ஆண்டிலேயே லூல்கந்துரைத் தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் மட்டும் தேயிலையைப் பயிரிட்டுப் பார்த்தார். தோட்டம் முழுவதையும் அவர் மாற்றிவிடவில்லை, சும்மாவும் இருக்கவில்லை. சிறிய அளவில் செய்து, கண்டறிந்து, பிறகு பெருக்கினார். பின்னாளில் இம்மலைகளெல்லாம் தேயிலை மலைகளானதற்கு அந்தச் சிறு நிலமே வித்தாயிற்று.

இன்றும் ஒவ்வொரு தோட்டத்திலும் இதே கேள்வி இருக்கின்றது. பழைய விதைத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு, தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய வீ.பி. ரகங்களை நட்டால் விளைச்சல் கூடும். ஆனால் பழையதைப் பிடுங்கி, இரண்டு ஆண்டுகள் வரை குவாட்டமாலாப் புல் வளர்த்து மண்ணைத் தேற்றி, கன்று நட்டு, அது கொழுந்து தரும் வரை வருமானம் இல்லை. மாற்றம் என்பதற்கு விலை உண்டு. மாறாமல் இருப்பதற்கும் விலை உண்டு. இரண்டையும் எழுதிக் கூட்டிப் பார்ப்பவனே விவசாயி.

யந்திரத்தின் மூளை

இனிக் கணனிக்கு வருவோம். புரொசசர் என்பது கணனியின் மூளை. கொடுத்த கட்டளைகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றும் சிறு சில்லு. 1971இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் முதற் சில்லில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. 1993இல் வந்த பென்டியத்தில் அவை முப்பத்தொரு லட்சமாயின. இன்றைய சில்லுகளில் அவை கோடி கோடியாக உள்ளன.

இந்த வளர்ச்சியை முன்கூட்டியே உய்த்துணர்ந்தவர் கோர்டன் மூர். ஒரு சில்லில் அடங்கும் உறுப்புகளின் தொகை ஆண்டுதோறும் இரட்டிக்கும் என்று 1965இல் எழுதினார். 1975இல் அதனை இரண்டாண்டுக்கு ஒரு முறை எனத் திருத்தினார். இந்நிலையில், 1990களில் கணனி வாங்கியவருக்கு நிம்மதியே கிடையாது. இன்று வாங்கியது இரண்டாண்டில் பழசாகிவிடும். "பொறு" என்பதே அன்று புத்திமதியாக இருந்தது. பொறுக்கப் பொறுக்க நல்லது மலிவாகக் கிடைத்தது. ஆனால் அந்தப் புத்திமதிக்கு முடிவே இல்லை. என்றும் அடுத்தது ஒன்று வந்துகொண்டே இருக்குமாதலால், காத்திருப்பவன் என்றும் காத்திருக்க வேண்டியவனே. அமெரிக்காவில் ஒஸ்போர்ன் என்னும் கணனி நிறுவனம், அடுத்த வகை வரப்போகின்றது என்று முன்கூட்டியே பறைசாற்றியதால், வாங்க வந்தவரெல்லாம் காத்திருக்கத் தொடங்க, விற்பனை படுத்து 1983இல் முறிந்துபோயிற்று என்று சொல்வதுண்டு.

நிலைமை பின்னர் மாறிவிட்டது. சில்லின் வேகத்தைக் கூட்டக் கூட்ட அது கொதிக்கத் தொடங்கிற்று. 2004இல் பென்டியம் 4 வகை 3.8 கிகாஹேர்ட்ஸ் வேகத்தைத் தொட்டது. இருபதாண்டுகள் கழிந்தும் அந்த எண் இரட்டிக்கவில்லை. வேகத்தைக் கூட்டுவதற்குப் பதிலாக ஒரே சில்லில் பல மூளைகளை வைக்கின்றனர். ஆகவே ஐந்து ஆண்டு, ஏன் எட்டு ஆண்டு வயதான கணனிகூட எழுத்து வேலைக்கும் படிப்புக்கும் இன்று போதுமானதாக இருக்கின்றது. வயது முதிர்ந்துவிட்டது என்பது மட்டும் மாற்றுவதற்குக் காரணமாகாது.

மெதுவாவது எது?

"உன் கணனி மெதுவாக இயங்குகின்றது என்கிறாய். அதில் மெதுவாவது புரொசசர்தான் என்பது எப்படித் தெரியும், தம்பி?" என்று இளைஞனைக் கேட்டோம். "கடையில சொன்னாங்க சேர்" என்றான்.

அடுத்த வாரம் நல்லதண்ணிக்கே சென்றோம். கணனியின் உள்ளேயே டாஸ்க் மெனேஜர் என்றொரு பக்கம் இருக்கின்றது. அதைத் திறந்து வைத்துவிட்டு, வழக்கமான வேலையைச் செய்யச் சொன்னோம். புகைப்படம் ஒன்று திறக்கப்பட்டது; பத்திரம் ஒன்று தட்டச்சாயிற்று. புரொசசரின் உழைப்பு நூற்றுக்கு முப்பதைத் தாண்டவில்லை. ஆனால் நான்கு ஜீ.பி. ரேம் முழுவதும் நிரம்பியிருந்தது. ஹார்ட் டிஸ்க் நூற்றுக்கு நூறு என்று சிவந்து நின்றது.

நடந்தது இதுதான். ரேம் என்பது வேலை செய்யும் மேசை. ஹார்ட் டிஸ்க் என்பது அலுமாரி. மேசை சிறிதாகையால், மேசைமேல் இடமில்லாத தாள்களைக் கணனி ஓயாமல் அலுமாரிக்குள் வைப்பதும் எடுப்பதுமாக இருக்கின்றது. ஹார்ட் டிஸ்க்கோ நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு. ஒரு சிறு விஷயத்தைத் தேடி எடுக்க அதன் கை நகர்ந்து, தட்டுச் சுழன்று வர ஒரு நொடியின் நூறில் ஒரு பங்களவு ஆகும். நமக்கு அது இமைப்பொழுதினும் குறைவு. இலட்சக்கணக்கான கட்டளைகளை அந்த நேரத்தில் முடித்துவிடக் கூடிய புரொசசருக்கோ அது ஒரு யுகம். மூளை சும்மா இருக்கின்றது, கை எட்டவில்லை. இதற்கு மூளையை மாற்றி என்ன பிரயோசனம்?

தேயிலைத் தொழிற்சாலையைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கொழுந்து முதலில் தட்டில் வாட வேண்டும். பிறகு உருட்டப்பட வேண்டும். பிறகு நொதித்து, உலர்ந்து, சலிக்கப்பட வேண்டும். வாடுவதற்கே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகின்றது. அவ்விடத்தில் இருமடங்கு வேகமுள்ள உருட்டு யந்திரத்தை வாங்கி வைத்தால் தேயிலை இருமடங்கு சீக்கிரம் வந்துவிடுமா? வராது. ஒரு பகுதியை எவ்வளவுதான் விரைவாக்கினாலும், மொத்தத்தில் அப்பகுதி எவ்வளவோ அவ்வளவுக்கே பலன் கிடைக்கும். கணனித் துறையில் இவ்வுண்மையை ஜீன் அம்டால் என்னும் அறிஞர் 1967இல் எடுத்துரைத்தார். அவர் பெயராலேயே அது ஒரு விதியாக வழங்குகின்றது.

மாணவர்களுக்காக ஓர் உதாரணக் கணக்கு. ஒரு வேலைக்கு 300 வினாடி ஆகின்றது என்று கொள்வோம். அதில் டிஸ்க் தேடுவதற்கு 180, புரொசசருக்கு 60, அச்சு யந்திரத்துக்கு 60. புரொசசரை இருமடங்கு வேகமாக்கினால் மிஞ்சுவது 30 வினாடி. பத்தில் ஒரு பங்கு. டிஸ்க்கின் 180ஐ 30 ஆக்கினால் மிஞ்சுவது 150, சரிபாதி. சுழலும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பு அட்டை இந்த இரண்டாவது உதவியைச் செய்கின்றது.

ஒன்று என்பது மூன்று

இன்னொன்றையும் இளைஞனுக்கு எடுத்துரைத்தோம். "புரொசசரை மாத்திரம் மாற்றுவது" என்பது பெரும்பாலும் வெறும் வார்த்தை. அவனுடையது 2013இல் வெளியான நான்காம் தலைமுறை இன்டெல் வகை. அதன் அடியிலுள்ள முள் அமைப்புக்கு இன்றைய சில்லுகள் பொருந்தா. இன்டெல் நிறுவனம் அந்த அமைப்பை 2015, 2020, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து மாற்றியிருக்கின்றது. எனவே புது மூளைக்குப் புது மதர்போர்ட் வேண்டும். புது மதர்போர்டுக்குப் புதிய இன ரேம் வேண்டும். ஒன்று என்று எண்ணிப் போனவன் மூன்றுக்குப் பணம் கொடுப்பான்.

இதற்கு நேர்மாறான ஒரு நல்ல உதாரணமும் உண்டு. ஏ.எம்.டி. நிறுவனம் 2016இல் கொண்டுவந்த ஏ.எம்.4 அமைப்பு நெடுங்காலம் நிலைத்தது. 2017இல் மலிவான ரைசன் சில்லோடு மதர்போர்ட் வாங்கிய பலர், 2022இல் அதே மதர்போர்டில் மென்பொருளைப் புதுப்பித்து, ஐயாயிர வரிசைச் சில்லைப் பொருத்திக்கொண்டனர். அங்கே பொறுத்தவர் ஆதாயம் பெற்றனர். ஏனெனில் அவர்கள் வாங்கும்போதே மாற்றத்துக்கு வழிவிட்ட பொருளை வாங்கியிருந்தனர். ஆகவே வாங்கும் நாளில் கேட்க வேண்டிய கேள்வி, "இது எவ்வளவு வேகம்?" என்பது மாத்திரமன்று, "இதில் நாளை எதை மாற்றலாம்?" என்பதுமாம்.

புதியது என்பதாலேயே ஒன்றைப் பாய்ந்து வாங்குவதிலும் ஆபத்துண்டு. இன்டெலின் பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறைகளின் உயர்தரச் சில்லுகள் சில, தேவைக்கு அதிகமான மின்னழுத்தம் பெற்றுக் காலப்போக்கில் தள்ளாடின. 2024இல் அந்நிறுவனமே அதனை ஒப்புக்கொண்டு, திருத்த மென்பொருளை வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டியது. பெரிய பணம் கொடுத்து முதலில் வாங்கியவர்களே சோதனைச் சாலையாக நேர்ந்தது. புதிய வகை வெளிவந்து ஆறு மாதமேனும் கடந்தபின் வாங்குபவர் இத்தகைய தொல்லைகளிற் பலவற்றைத் தவிர்க்கலாம்.

பொறுப்பதன் விலை

இவ்வளவையும் கேட்ட இளைஞன், "அப்ப பொறுக்கிறதுதான் நல்லது, என்ன சேர்?" என்றான். அதுவும் முழு உண்மையன்று.

முதலாவது, விலை எப்போதும் இறங்கிக்கொண்டே போகும் என்பது பழங்கதையாகிவிட்டது. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ரேமின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காக எழுப்பப்படும் மாபெரும் கணனி நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போனதே காரணம். மைக்ரொன் என்னும் பெரிய நிறுவனம், பொதுமக்களுக்கு ரேம் விற்றுவந்த தன் குரூசியல் வியாபாரத்தை விட்டு விலகுவதாக அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது. எங்கோ அமெரிக்காவில் எழும் கட்டிடத்துக்கும் நல்லதண்ணி முன்னறைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தேயிலை விலை லண்டனில் ஏறி இறங்க, நம் பாட்டன்மார் வீட்டு அடுப்பு எரிந்ததும் அணைந்ததும் நமக்குத் தெரியாதா?

இரண்டாவது, பாதுகாப்பு. அவன் கணனியில் இருப்பது விண்டோஸ் 10. அதற்கான பொது ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 வேண்டுமானால், ஒரு சில விலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறை இன்டெல் அல்லது அதற்குப் பிந்திய சில்லும், டீ.பி.எம். 2.0 என்ற காப்புறுப்பும் தேவை. இவனுடைய நான்காம் தலைமுறைக்கு அவ்வாசல் மூடியிருக்கின்றது. வீட்டுக் கணனிகளைப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தரப்படும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. ஊராரின் அடையாள அட்டை எண்களும் வங்கிப் பத்திரங்களும் வந்து போகும் கணனியைக் காவலின்றி விடுவது நம்பி வந்தவர்களுக்குச் செய்யும் துரோகமாகும். எனவே காலவரையறை இல்லாமல் பொறுக்க அவனுக்கு உரிமை இல்லை.

மூன்றாவது, தொழில். "உன் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவா" என்றோம். நல்லவேளை, எழுதி வைத்திருந்தான். புகைப்படமும் பிரதியும் தட்டச்சும் தினந்தோறும் நடந்திருந்தன. புரொசசரை உண்மையில் வருத்தும் வேலையாகிய வீடியோத் தொகுப்பு, ஆண்டு முழுவதிலும் நான்கே நான்குதான். தங்கையின் பைதன் பயிற்சிக்கும் தரவுத்தளப் பயிற்சிக்கும் பெரிய சில்லு தேவையே இல்லை. நான்கு திருமண வீடியோக்களின் பொருட்டு ஒரு லட்சத்தைக் கரைப்பதா?

"வீடியோ வேலை கூடினா, சேர்?"

"கூடட்டும். கூடும் வேலையே புது யந்திரத்துக்குப் பணம் தரும். வராத வேலைக்காக இன்றே யந்திரம் வாங்குவானேன்?"

முடிவு

மேசையைச் சுற்றி நால்வரும் அமர்ந்து ஒரு தாளில் முடிவை எழுதினோம். முதலாவதாக, ஓர் எஸ்.எஸ்.டி. வாங்குவது. பின்னர் கணனியையே மாற்றினாலும் அதனைக் கழற்றிப் புதியதில் பொருத்தலாமாதலால் அந்தப் பணம் வீணாகாது. இரண்டாவதாக, ரேமைக் கூட்டுவது. ஆனால் பழைய இன ரேம் புதிய மதர்போர்டுக்கு உதவாதாகையால், அதற்குப் புதிது தேடாமல், ஒருவர் பாவித்து விற்கும் ரேமைக் குறைந்த விலைக்கு வாங்குவது. மூன்றாவதாக, ஒரு யூ.பி.எஸ். பெட்டி. மழைக்காலத்தில் மின்சாரம் வந்து வந்து போகும் மலைநாட்டில், எந்தப் புரொசசரைக் காட்டிலும் அது அவசியம். நான்காவதாக, பெட்டியைத் திறந்து தூசு தட்டி, புரொசசரின் மேலுள்ள காய்ந்துபோன பசையைப் புதுப்பிப்பது. வெப்பம் கூடினால் சில்லு தானாகவே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பது பலர் அறியாத விஷயம்.

ஐந்தாவது தீர்மானமே மிக முக்கியமானது. பாதுகாப்பு நீட்டிப்புக்குப் பதிவு செய்துகொண்டு, யாத்திரைப் பருவம் முடிந்தபின், 2026 அக்டோபருக்கு முன்னர், கணனியை மாற்றுவது. அப்போது புத்தம் புதியதே வேண்டுமென்பதில்லை. காரியாலயங்கள் பாவித்து விற்கும் எட்டாம் தலைமுறைக் கணனிகளும் உண்டு. கொழும்பிலும் கண்டியிலும் அவற்றைச் சோதித்து வாங்கலாம். அதற்கும் வசதிப்படாவிடின், லினக்ஸ் இயங்குதளம் இலவசமாகவே கிடைக்கின்றது. தமிழில் தட்டச்சிடவும் அதில் தடையில்லை. திகதி குறிக்காமல் பொறுப்பது பொறுமையன்று, சோம்பல். இன்ன மாதம், இவ்வளவு பணம், இன்ன தேவை என்று எழுதி வைத்துப் பொறுப்பதே பொறுமை.

செலவைக் கூட்டிப் பார்த்தபோது சீட்டுப் பணத்தின் பெரும் பகுதி மிஞ்சியது. தாய் ஒன்றும் பேசவில்லை. தாளை வாங்கி, எழுத்துக் கூட்டி இருமுறை படித்தார். பிறகு, "அப்ப கூரைக்குத் தகரம் வாங்கிரலாமா சேர்?" என்றார். "முதலில் அதைச் செய்யுங்கள், அம்மா. கூரை ஒழுகும் வீட்டில் எந்தக் கணனியும் நிலைக்காது" என்றோம்.

2026 ஜனவரி இறுதியில் மீண்டும் அவ்வழியே சென்றோம். கணனி அரை நிமிடத்துக்குள் விழித்துக்கொள்கின்றது. யாத்திரிகர்கள் வாசலில் நிற்க, அவன் படங்களை விரைவாக அச்சிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். தங்கை மாலையில் தன் பயிற்சிகளைச் செய்கின்றாள். வீடியோ வேலை மாத்திரம் முன்போலவே மெதுவாகத்தான் நடக்கின்றது; அதை மறைக்க வேண்டியதில்லை. அவ்வேலையை இரவில் ஓடவிட்டுத் தூங்கிவிடுவதாகச் சொன்னான். கூரையில் புதிய தகரம் தெரிந்தது.

வாசகர்களுக்குச் சில வார்த்தைகள்

இக்கேள்வி உங்கள் வீட்டிலும் எழலாம். அப்போது நான்கு கேள்விகளைத் தாளில் எழுதுங்கள். உண்மையில் மெதுவாவது எந்த உறுப்பு? நாம் நாள்தோறும் செய்யும் வேலைக்கு அவ்வுறுப்பு தேவையா? மாற்றினால் கூடவே வேறு எவற்றை மாற்ற நேரும்? பொறுத்தால் நாம் இழப்பது என்ன, எந்தத் திகதி வரை பொறுக்கலாம்? இந்நான்குக்கும் விடை எழுதிய பின்னரும் வாங்க வேண்டுமென்று தோன்றினால், தயங்காமல் வாங்குங்கள். வாங்கிய பின்னர் அடுத்த மாதத்து விலையைப் பார்த்து வருந்தாதீர்கள். தேவையான காலத்தில் வாங்கிய பொருள், பாவித்த ஒவ்வொரு நாளும் தன் விலையைத் திருப்பித் தருகின்றது.

மாணவச் செல்வங்களுக்கும் ஒன்று. நண்பனிடம் இருக்கின்றது என்பதற்காகப் பெற்றோரிடம் புதிய கணனி கேட்காதீர்கள். உங்களிடம் இருப்பதைத் திறந்து பாருங்கள்; எது எங்கே தடைப்படுகின்றது என்று அளந்து பாருங்கள். அந்த அளவைத்தான் விஞ்ஞானம் என்கின்றோம். காரணத்தோடு கேட்கும் பிள்ளைக்குப் பெற்றோர் கடன் வாங்கியாவது வாங்கிக் கொடுப்பார்கள் என்பதும், அதனாலேயே அளந்து கேட்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

நல்லதண்ணியிலிருந்து புறப்படுகையில் இருட்டிவிட்டது. மலைமேல் ஏறும் விளக்கு வரிசை வானம் வரை தெரிந்தது. சூரியோதயத்தைக் காண எத்தனை மணிக்கு ஏறத் தொடங்க வேண்டும் என்று ஒரு யாத்திரிகர் தேநீர்க் கடைக்காரரைக் கேட்டார். "ரெண்டு மணிக்குப் போறவங்களும் இருக்காங்க, பத்து மணிக்கே போறவங்களும் இருக்காங்க. ஒங்க காலு எப்புடின்னு நீங்கதான் சொல்லணும்" என்றார் அவர். முந்திப் போனவர் உச்சியில் குளிரில் நடுங்குவார். பிந்திப் போனவர் பாதி வழியிலே விடியலைக் காண்பார். தன் காலின் வலுவை அறிந்து புறப்பட்டவரே வேளைக்குப் போய்ச் சேருவார்.